பருவமும் பருவச் சீட்டும்

ஒரு பொருளின் விலை குறைந்தால் அதனை வாங்குவோர் தொகை கூடும் என்பது சந்தைக்குச் சென்று மீண்ட சிறுவனும் அறிந்த உண்மை. ஆனால், வாங்குவோர் தொகை கூடுவதனால் விற்பவனது வருமானமும் கூடுமா என்னும் வினா அத்துணை எளிதன்று. மாம்பழம் ஒன்றை 60 ரூபாவுக்கு விற்று நாளொன்றுக்கு 100 பழம் போக்கிய வியாபாரி ஒருவன், விலையை 40 ரூபாவாகக் குறைத்து 120 பழம் விற்பானாயின், அவனது கூடை விரைவில் வெறுமையாகும். மடியோ முன்னையினும் இலேசாகும். 150 பழத்துக்கு மேல் விற்றாலன்றி அவனுக்கு விலைக்குறைப்பால் ஊதியம் இல்லை. விலை மாற்றத்துக்கு ஏற்ப வாங்குவோர் தொகை எவ்வளவு அசைகின்றது என்பதனைப் பொருளியலார் கேள்வியின் நெகிழ்ச்சி என்பர். இக்கருத்தை 1890இல் வெளிவந்த தமது பெருநூலிலே அல்பிரட் மார்ஷல் செவ்வனே விளக்கினார். அந்நெகிழ்ச்சி மிகுந்த இடத்தில் விலைக்குறைப்பு இலாபம் தரும். குறைந்த இடத்தில் நட்டமே தரும்.

இவ்விதியை உதைபந்தாட்டக் கழகமொன்றின் நுழைவுச் சீட்டுக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுள்ள ஆராய்ச்சியாகும். ஒரு பருவம் முழுவதற்கும் ஒருமுறை பணங்கொடுத்துப் பெறும் பருவச் சீட்டின் விலையைக் குறைத்தால் பார்வையாளர் பெருகுவரா? பெருகினால் கழகத்தின் வருமானமும் பெருகுமா? இவ்விரு வினாக்களும் மேனாடுகளிற் பல்லாண்டுகளாகப் பேசப்படுவன. குடாநாட்டுக் கழகங்களுக்கும் இவற்றால் அறிய வேண்டியது ஒன்று உண்டு.

பருவச் சீட்டு என்பது கொடிகாமத்து மக்களுக்குப் புதிய சொல் அன்று. 1905ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதப் பாதை இணைந்த நாள் தொட்டு, கொடிகாமம் அப்பாதையின் நிலையங்களுள் ஒன்றாய் விளங்கியது. 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம் வரை மீண்டது. நாடோறும் வேலைக்குச் செல்வோர் நாடோறும் சீட்டு வாங்காது மாதத்துக்கு ஒருமுறை பணங்கட்டி, மிகக் குறைந்த செலவிற் பயணஞ்செய்யும் முறையைப் புகையிரதமும் பேருந்தும் நமக்குக் கற்பித்துள்ளன. ‘சீசன்’ என்று பேச்சு வழக்கில் வழங்குவது இதுவே.

புகையிரதத் திணைக்களம் தனது வழக்கமான பயணிக்கு ஏன் விலையைக் குறைத்துக் கொடுக்கின்றது? வண்டி எப்படியும் ஓடத்தான் போகின்றது. ஓட்டுநரின் சம்பளமும் எரிபொருளும் பாதையின் பராமரிப்பும் வெறுமையான வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் ஏறத்தாழ ஒன்றே. மேலதிகமாக ஒருவர் ஏறி அமர்வதனால் உண்டாகும் செலவு, அதாவது பொருளியலார் கூறும் எல்லைச் செலவு, மிகச் சிறிது. உதைபந்தாட்ட அரங்கின் நிலையும் இத்தகையதே. இரு கழகங்கள் மோதும் ஆட்டத்தை 200 பேர் கண்டாலும் 2,000 பேர் கண்டாலும் ஆட்டக்காரர் இருபத்திருவரே. நடுவரும் பந்தும் அவையே. காலியாகக் கிடக்கும் இருக்கை கழகத்துக்கு எதனையும் மிச்சப்படுத்துவதில்லை.

அவ்விருக்கைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது அழியும் பொருள். கண்டி வீதியருகே கூடும் கொடிகாமச் சந்தைக்குத் தென்மராட்சியின் பலாப்பழமும் மாம்பழமும் வந்து குவியும் பருவத்திற் பொழுது ஏறுமுன் ஒரு விலையும், பொழுது சாயும் வேளையில் வேறொரு விலையும் வழங்கக் காணலாம். மறுநாட்காலையிற் கனிந்து குழைந்துவிடக்கூடிய பழத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிடுதலே அறிவுடைமை. ஆட்டம் தொடங்கியதற்கான ஊதல் ஒலித்த கணத்தில் விற்கப்படாத இருக்கை, அழுகிய பழத்தை ஒப்பது. அதனை நாளை விற்கவியலாது.

எனினும், இவ்வுவமையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மாலையில் விலை இறங்கும் என்பதை அறிந்த வாடிக்கையாளர் காலையில் வாங்கார், மாலைக்குக் காத்திருப்பர். அவ்வாறே, அரங்கு நிறையாத நாட்களிற் கடைசி நேரத்திற் சீட்டின் விலையைக் குறைக்கும் கழகம், தனது இரசிகர்க்குக் காத்திருக்கும் பழக்கத்தையே கற்பிக்கும். பருவச் சீட்டின் நுட்பம் இங்கேதான் உள்ளது. அது விலையை இறுதியிற் குறைப்பதன்று; முதலிற் குறைப்பது. நம்பி முன்கூட்டியே வந்தவனுக்கு நன்மையும், தயங்கிப் பின்வந்தவனுக்கு முழு விலையும் என்பதே அதன் நியாயம். கழகத்துக்கோ பருவம் தொடங்குமுன்னரே கையிற் பணம் சேர்கின்றது. மழை பெய்தாலும் இரு ஆட்டங்களிற் தொடர்ந்து தோற்றாலும் அப்பணம் குறைவதில்லை.

இனி, கணக்கைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒரு கழகம் தன் சொந்த மைதானத்திற் பருவமொன்றில் 10 ஆட்டங்கள் ஆடுகின்றது எனவும், நுழைவுச் சீட்டு 200 ரூபா எனவும், ஆட்டமொன்றுக்குச் சராசரி 500 பேர் வருகின்றனர் எனவும் கொள்க. வருமானம் 10 இலட்சம் ரூபா. இக்கழகம் பாதி விலையில், அதாவது 1,000 ரூபாவுக்குப் பருவச் சீட்டை விற்க எண்ணுகின்றது. வருகின்ற 500 பேரும் எல்லா ஆட்டங்களுக்கும் தவறாது வருபவராயின், அவர்கள் அனைவரும் பருவச் சீட்டுக்கு மாறுவர். வருமானம் 5 இலட்சமாகக் குன்றும். இழந்ததை மீட்க மேலும் 500 புதியவர் வேண்டும். இக்கணக்கைக் கண்டு அஞ்சியே பல கழகங்கள் விலையைக் குறைக்கத் துணிவதில்லை.

ஆனால், மைதானத்திற் காணப்படும் 500 தலைகளும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே தலைகள் அல்ல. பத்து ஆட்டங்களுக்கு வந்த மொத்த வருகை 5,000. ஒருவர் சராசரி நான்கு ஆட்டங்களுக்கே வருகின்றார் என்றால், அக்கழகத்துக்கு உண்மையில் 1,250 இரசிகர் உள்ளனர். ஒவ்வொருவரும் ஆண்டில் 800 ரூபா கொடுக்கின்றனர். இன்னும் 200 ரூபா கொடுத்தால் எஞ்சிய ஆறு ஆட்டங்களையும் காணலாம் என்று இவர்களுக்குச் சொன்னால், பலர் உடன்படுவர். அனைவரும் உடன்பட்டால் வருமானம் 12½ இலட்சமாக உயரும். ஒரு புதிய இரசிகர் தானும் வராமலே, விலையைப் பாதியாக்கியதனால் வருமானம் காற்பங்கு கூடுகின்றது! நடைமுறையில் அனைவரும் உடன்படமாட்டார் என்பதும், பத்து ஆட்டங்களுக்கும் தவறாது வரும் பழைய இரசிகரிடம் ஓரளவு நட்டம் ஏற்படும் என்பதும் உண்மையே. ஆயினும், முடிவைத் தீர்மானிப்பது விலை எத்துணை குறைகின்றது என்பது மட்டுமன்று. ஒருவர் ஆண்டில் எத்தனை முறை வருகின்றார் என்பதுமாகும். இதனை அறியாத கழகம் விலையை உயர்த்தினாலும் இருட்டிலே தடவுவதேயாம்; குறைத்தாலும் அஃதேயாம்.

முழு விலை கொடுக்கக் கூடியவரும் மலிவான சீட்டுக்கு மாறிவிடுவர் என்னும் அச்சம் மிகப் பழையது. பிரான்சு நாட்டுப் பொறியியலாளரும் பொருளியலறிஞருமாகிய சூல் டுப்புயி என்பவர், 1849இலேயே இதனைப் புகையிரதத்தை வைத்து விளக்கினார். அக்காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. கூரை அமைக்கப் பெருஞ்செலவு ஆகும் என்பது அதற்குக் காரணம் அன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே உண்மைக் காரணம் என்று அவர் காட்டினார். ஏழையைத் துன்புறுத்தும் நோக்கம் இல்லாமலே, செல்வரை அச்சுறுத்துவதற்காக ஏழை மழையில் நனைய விடப்பட்டான். பருவச் சீட்டு இக்கொடுமையின்றி அதே பயனை அளிக்கின்றது. அது மக்களைச் செல்வர் ஏழை எனப் பிரிக்காது, முன்கூட்டி உறுதி கூறுவோர், கூறாதோர் எனவே பிரிக்கின்றது.

இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில், கம்பளி நெசவாலைகளாற் புகழ்பெற்ற பிராட்போர்ட், ஹட்டர்ஸ்பீல்ட் என்னும் இரு நகரங்களின் அனுபவம் ஈண்டு நோக்கத்தக்கது. பிராட்போர்ட் சிற்றி கழகம் 2001இல் அந்நாட்டின் முதற்பிரிவாகிய பிரிமியர் லீக்கினின்றும் வீழ்ந்தது. அதன்பின் கடன்சுமையால் இருமுறை நிருவாகிகளின் பொறுப்பிலே விடப்பட்டு, 2007இல் நான்காம் பிரிவுக்குத் தாழ்ந்தது. தோற்கும் கழகத்தைக் காண வருவோர் அரியர். அவ்வாண்டிற் சராசரி வருகை 9,000த்தை எட்டவில்லை. அரங்கோ 25,000 பேர் கொள்வது. இந்நிலையிற் கழகம் பருவச் சீட்டை 138 பவுணாகக் குறைத்தது. சொந்த அரங்கில் 23 ஆட்டங்கள். ஆட்டமொன்றுக்கு 6 பவுண். 12,000 சீட்டுகள் வரை விலைபோயின. முன்னையிலும் தாழ்ந்த பிரிவில் ஆடிய போதிலும், அடுத்த பருவத்தின் சராசரி வருகை 13,000த்தை விஞ்சியது. 2015இலும் 149 பவுணுக்குச் சீட்டு விற்கப்பட்டது. அப்பருவத்தின் சராசரி வருகை 18,000த்தை எட்டியது.

அயல் நகரமாகிய ஹட்டர்ஸ்பீல்டின் கழகம் 1924 முதல் 1926 வரை தொடர்ந்து மூன்று முறை இங்கிலாந்தின் வெற்றிக்கிண்ணத்தை ஈட்டிய பழம்பெருமை உடையது. பின்னர் நலிவுற்றிருந்த அது, 2008இல் தனது நூற்றாண்டு நிறைவை முன்னிட்டுப் பருவச் சீட்டை 100 பவுணுக்கு அளித்தது. 16,000க்கு மேற்பட்டவை விற்பனையாயின. அன்று வாங்கியவர் இடையறாது ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தால், கழகம் பிரிமியர் லீக்குக்கு உயரும் நாளில் அவர்க்கு மீண்டும் 100 பவுணுக்கே சீட்டு வழங்கப்படும் என்ற உறுதிமொழியும் உண்டாயிற்று. 2017இற் கழகம் உயர்ந்தது, உறுதிமொழியும் காப்பாற்றப்பட்டது.

இவ்விரண்டிலிருந்தும் மிகையான முடிவுகளைக் கொள்ளுதல் கூடாது. மலிவான சீட்டு வெற்றியைத் தருவதன்று. பிராட்போர்ட் 2007இலிருந்து ஆறு பருவங்கள் நான்காம் பிரிவிலேயே கிடந்தது. அன்றியும் இவ்விரு அரங்குகளிலும் பாதிக்கு மேற்பட்ட இருக்கைகள் வெறுமையாயிருந்தன என்பது முக்கியம். இருக்கை ஏற்கெனவே நிறைந்துள்ள பெருங்கழகம் விலையைக் குறைத்தால் மேலதிகமாக ஒருவரையும் அமர்த்த இடமில்லை. வருமானக் குறைவே மிஞ்சும். பழைய இரசிகர் விலை சிறிது கூடினும் விலகார், குறையினும் பெருகார் என்பதே பல ஆய்வுகளின் முடிவு.

எனினும், விலகாதவரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. லிவர்பூல் கழகம் தனது மிக உயர்ந்த சீட்டின் விலையை 77 பவுணாக்கத் திட்டமிட்டபோது, 2016 பெப்ரவரி 6இல் ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்திற் பல்லாயிரக்கணக்கான இரசிகர் எழுந்து வெளியேறினர். சில நாட்களுள் அத்திட்டம் கைவிடப்பட்டது. யேர்மனியின் கழகங்கள் வேறு வழியை மேற்கொண்டன. டோட்மண்ட் நகரின் அரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கும் தென்புற மேடையிற் சீட்டின் விலை குறைவாகவே பேணப்படுகின்றது. அம்மேடையின் ஆரவாரமே ஏனைய இருக்கைகளின் விலைமதிப்பை உயர்த்துகின்றது. விளம்பரம் தருவோரையும் தொலைக்காட்சியையும் ஈர்க்கின்றது. நிறைந்த மேடை என்பது விற்கப்படும் பொருளின் ஒரு பகுதி. வெறிச்சோடிய அரங்கில் நடக்கும் ஆட்டத்தை எவரும் விலைகொடுத்து விரும்பிக் காண்பதில்லை.

நமக்கு அணித்தான கல்கத்தாவிற் பருவச் சீட்டு வேறோர் உருவில் நெடுங்காலம் வாழ்ந்து வந்துள்ளது. 1911இல் ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பகானும், அதன் எதிரியாகிய ஈஸ்ற் பெங்கோலும் உறுப்பினர் சந்தாவினால் வளர்ந்த கழகங்கள். உறுப்பினர் அட்டை உடையவர் தம் கழகத்தின் மைதானத்திலே தமக்குரிய மேடையில் அமர்கின்றார். அவர் வாங்குவது ஆட்டத்தைப் பார்க்கும் உரிமை மட்டுமன்று. கழகத்துக்கு உரியவர் என்னும் நிலையுமாகும். 1997 ஜூலை 13இல் அவ்விரு கழகங்களும் சோல்ற் லேக் அரங்கிற் சந்தித்தபோது 1,31,000 பேர் திரண்டனர். அத்தகைய கூட்டம் ஒரு நாள் விளம்பரத்தாற் சேர்வதன்று. தலைமுறைகளின் பழக்கத்தாற் சேர்வது.

இனிக் குடாநாட்டை நோக்குவோம். உதைபந்தாட்டத்தில் ஆர்வம் நம்மவர்க்குக் குறைவன்று. யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை முதலிய லீக்குகளின் கீழ்க் கழகங்கள் பல இயங்குகின்றன. இந்திய அரசின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18இல் திறக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கில் 1,850 பேர் அமரலாம். கிராமங்களில் மின்னொளியில் நடக்கும் சுற்றுப்போட்டிகளுக்கு ஊரே திரள்கின்றது. கச்சான் விற்பவரும் அன்று பசியாறுகின்றார். ஆனால், கழகங்கள் வாழ்வது பார்வையாளர் கொடுக்கும் பணத்தினால் அன்று. கோயில் திருவிழாவுக்கு உபயகாரர் அமைவது போல, வெற்றிக்கிண்ணத்துக்கு ஒருவர், சீருடைக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர் என உபயம் பிடித்தே போட்டிகள் நடக்கின்றன. அவ்வுபயகாரருட் பலர் கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் ஊரவர். அவர்களின் கொடை போற்றற்குரியது. ஆயினும் கொடையாளரின் தலைமுறை மூப்பெய்துகின்றது. அவர்தம் பிள்ளைகளுக்கு ஊர் மைதானம் கேள்விச் செய்தியே. உபயம் நின்ற நாளிற் கழகம் எதனைக் கொண்டு வாழும் என்பது தள்ளிப்போடக் கூடாத வினா.

இவ்வினாவுக்கு மலிவான பருவச் சீட்டு விடையாகுமா? ஆகும், ஆனால் அதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு. பருவச் சீட்டு விற்பதற்கு முதலிற் பருவம் வேண்டும். நமது போட்டிகளுட் பெரும்பாலானவை விலகல் முறையில் அமைந்தவை. முதலாட்டத்திலே தோற்ற கழகத்துக்கு அப்போட்டியில் அடுத்த ஆட்டம் இல்லை. இரசிகருக்கும் அடுத்த மாலை இல்லை. இன்ன நாளில் இன்ன மைதானத்தில் இன்ன கழகத்துடன் ஆட்டம் என்று ஆறு மாதம் முன்னரே கூறவியலாத கழகம், எதனை நம்பி 10 ஆட்டங்களுக்குரிய சீட்டை விற்பது? 2021இல் இலங்கையிற் தொடங்கிய சூப்பர் லீக் போட்டியில் 10 கழகங்கள் பங்குகொண்டன. அவற்றுள் வடபகுதிக் கழகம் ஒன்றும் இல்லை. 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கையின் உதைபந்தாட்ட நிருவாகம் உலகச் சம்மேளனத்தினால் இடைநிறுத்தப்பட்டிருந்தது. மேலிடம் நிலையற்றிருக்கும்போது கீழே நாட்குறிப்பு நிலைத்தல் அரிது.

நாள் நிலைத்தால் மக்கள் வருவர் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, இடையிற் தடைகள் நேர்ந்த போதிலும், மார்ச்சு மாதம் என்றாற் பழைய மாணவர் நினைவுக்கு வரும் விழாவாக நிலைத்துவிட்டது. நல்லூர்க் கந்தன் ஆலயத்தின் 25 நாட்டிருவிழாவுக்கு அழைப்பிதழ் எதுவும் தேவைப்படுவதில்லை, பஞ்சாங்கமே அழைப்பு. கழகங்களுக்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும். எட்டுக் கழகங்கள் ஒன்று சேர்ந்து, ஒவ்வொன்றும் ஏனைய ஏழுடனும் தன் ஊரில் ஒருமுறையும் பிறவூரில் ஒருமுறையும் ஆடுமாயின், ஒவ்வொரு கழகத்துக்கும் சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டங்கள் கிடைக்கும். மாரி மழை நீங்கித் தரை காய்ந்தபின் தொடங்கி, ஞாயிறு மாலைகளில் நடத்தினால், தைக்குப் பின் ஒரு பருவம் உருவாகும்.

அப்போது சீட்டின் விலையைக் குறைவாக வைப்பதில் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை. நமது மைதானங்களில் வெறுமையான இடம் மிகுதி. இன்றுள்ள நுழைவு வருமானமோ பெரும்பாலும் பூச்சியம். இழப்பதற்கு ஏதுமில்லாத இடத்திற் கேள்வியின் நெகிழ்ச்சி பற்றிய அச்சம் பொருளற்றது. மதில் இல்லாத மைதானத்திற் சீட்டு எவ்வாறு செல்லும் என வினவுவோர் உளர். அவர்க்குக் கல்கத்தாவின் உறுப்பினர் அட்டை மறுமொழி கூறும். வேலியோரம் நின்று பார்ப்பவரைத் தடுக்க வேண்டுவதில்லை. அட்டை உடையவருக்கு நிழலில் ஓர் இருக்கையும், கழகத்தின் பொதுக்கூட்டத்தில் ஒரு வாக்கும், கணக்கைப் பார்வையிடும் உரிமையும் அளித்தாற் போதும். மாணவர்க்கு இன்னும் குறைந்த விலை வேண்டும். பத்து வயதில் வரப்பழகியவன் நாற்பது வயதிலும் வருவான். பெண்களுக்கும் வசதியான இருக்கை அமைந்தால், ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வந்த இடத்தில் நால்வர் வருவர்.

இறுதியாக ஒன்று. நம்மவர் வழக்கிற் சீட்டு என்னுஞ் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அயலவர் கூடி மாதந்தோறும் பணங்கட்டும் சீட்டு, தாய்ச்சியின் நாணயத்தை நம்பியே நடைபெறுகின்றது. தாய்ச்சி ஒருமுறை தவறினால் அவ்வூரிற் பல்லாண்டுகளுக்குச் சீட்டு இல்லை. பருவச் சீட்டும் இத்தகைய நம்பிக்கையே. பணத்தை முன்னரே பெற்ற கழகம், சொன்ன நாளில் ஆட வேண்டும். தோற்றாலும் ஆட வேண்டும். வரவு செலவைப் பருவ முடிவில் மன்றில் வைக்க வேண்டும். ஹட்டர்ஸ்பீல்டில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் காக்கப்பட்ட உறுதிமொழியின் மதிப்பு 100 பவுணன்று. விலையைக் குறைத்தல் ஒரு நாளிற் செய்யக்கூடிய காரியம். நாளைக் குறித்து, அந்நாளைத் தவறாது காத்தலே பல ஆண்டு முயற்சி. கொடிகாமம் நிலையத்திற் பருவச் சீட்டோடு காத்து நிற்பவர், வண்டி வரும் என்ற நம்பிக்கையினாலேயே அதனை வாங்கினார். அந்நம்பிக்கையை ஊட்டவல்ல கழகத்துக்குப் பார்வையாளரும் பெருகுவர், வருமானமும் பெருகும்.